ஹைகிரவுண்டுக்கு யார் கூட்டிக்கொண்டு போவது?

திருநெல்வேலிப் பக்கம் 'கோட்டி' (பைத்தியம்) என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். ராத்திரி தூக்கம் வராத பையன், பரீட்சைக்கு முந்தின நாள் வாந்தி எடுக்கும் பிள்ளை, காதுக்குள் யாரோ திட்டுவதாகச் சொல்லும் கல்லூரி மாணவன், பிரசவமான மூன்றாம் வாரம் குழந்தையைத் தொடவே பயப்படும் தாய். நாலு பேருக்கும் நாலு விதமான நிலை, நாலு விதமான வைத்தியம். ஊர் வாயில் எல்லாருக்கும் ஒரே பெயர். அந்தப் பெயருக்குப் பயந்துதான் குடும்பங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. "ஹைகிரவுண்டுக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தோம்னு தெரிஞ்சா, நாளைக்குப் பிள்ளைய யாரு கட்டுவா?" ஹைகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இந்தக் கேள்வி சும்மா கேட்கப்படுவதில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் நழுவிவிடுகிறார்கள்.

பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் சராசரியாக மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் நம் ஊரில் அரசு ஏற்பாடு இருக்கிறது. பள்ளி இருக்கிறது, பக்கத்து ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட கிழமைகளில் வருகிறார், பாளையங்கோட்டையில் 1965-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அழுத்தினால் இராப்பகலாகத் தமிழில் பேச ஆள் இருக்கிறது. பிள்ளை நழுவுவது இந்த இடங்களுக்கு நடுவில். டீச்சர் "ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறார், ஆஸ்பத்திரியில் "மறுபடி அடுத்த மாசம் வாங்க" என்கிறார்கள், வீட்டில் "இப்ப நல்லாத்தான இருக்கா" என்கிறார்கள். மூன்று பேரும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். பிள்ளை மட்டும் எங்கேயும் போய்ச் சேரவில்லை.

அதனால் முதல் கேள்வி 'என்ன நோய்' என்பதாக இருக்கக் கூடாது. இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடம் வரை போகப்போவது யார்? அவர் பெயரும் போன் நம்பரும் ஒரு காகிதத்தில் ஏறியாக வேண்டும். வகுப்பு ஆசிரியரோ, கிராம சுகாதார செவிலியரோ, அங்கன்வாடி அக்காவோ, சித்தியோ, யாராக இருந்தாலும் சரி, ஒருத்தர் வேண்டும். 'பள்ளி நிர்வாகம்' என்று எழுதினால் யாருமே இல்லை என்று அர்த்தம்.

பள்ளியில் முதலில் கண்ணில் படுவது மனசு இல்லை, உடம்பு. தலைவலி, வயிற்றுவலி, மயக்கம். திங்கட்கிழமை தவறாமல் லீவு. சத்துணவுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுப்பது. வெயில் காலத்திலும் முழுக்கை இறக்கிவிட்டுக்கொள்வது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த நோட்டு நடுவில் வெறும் கோடாக மாறுவது. இதில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. பெண் பிள்ளை சோர்ந்தே கிடந்தால் சுகாதார நிலையத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும், முடிந்தால் தைராய்டையும் முதலில் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறையும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும்.

மயங்கி விழுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெண்கள் பள்ளிகளில் இது அடிக்கடி நடக்கிறது, அடிக்கடி கெட்டும் போகிறது. ஒரு பிள்ளை விழுந்ததும் இருபது பேர் சுற்றி நிற்பார்கள். ஒருத்தர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருத்தர் முகத்தில் தண்ணீரை அடிப்பார், மூன்றாவது ஆள் "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்பார். செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். கை கால் வெட்டி இழுக்கும்போது கண் திறந்தே இருந்து, நாக்கு கடிபட்டு, உடையிலேயே சிறுநீர் போய், இரண்டு மூன்று நிமிடத்தில் ஓய்ந்து, அப்புறம் ஆழ்ந்து தூங்கினால் அது வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு உதறி, காயமில்லாமல் எழுந்தால் மனத்தின் பாரம் உடம்பு வழியாக இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அது நடிப்பு அல்ல. அந்தப் பிள்ளைக்கே தெரியாமல் வருவது. இரண்டில் எது என்று தீர்ப்பது டாக்டர் வேலை. வெட்டு 5 நிமிடம் தாண்டினாலோ, ஓய்ந்து உடனே மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு ஆசிரியை தன் போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்தால், பத்துப் பக்கம் எழுதிக் கொடுப்பதைவிட டாக்டருக்கு அது உதவும். ஆனால் அந்த வீடியோ டாக்டருக்கும் தாய்க்கும் மட்டும். வாட்ஸ்அப் குழுவுக்குப் போனால் பிள்ளையின் பள்ளிப் படிப்பு அன்றோடு முடியும்.

இனி சீட்டு. பள்ளியிலிருந்தோ சுகாதார நிலையத்திலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கும் காகிதம். பாதிச் சீட்டுகளில் 'மனநிலை சரியில்லை, ஆவன செய்யவும்' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அதை வாங்கிப் பார்க்கும் பயிற்சி மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது, வெளியே இன்னும் நிறையப் பேர் நிற்பார்கள், மூன்று நிமிடத்தில் ஒரு மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார். நல்ல சீட்டு ஏழெட்டு வரிதான் இருக்கும். மாதிரிக்கு ஒன்று:

"9-ஆம் வகுப்பு மாணவி. போன பரீட்சை வரை ஒழுங்காக வந்தவள். 6 வாரமாக வாரம் 2 நாள் வருவதில்லை. வரும் நாளிலும் மதியம் சாப்பிடுவதில்லை. கடந்த 10 நாளில் 3 முறை மயங்கி விழுந்தாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 15 நிமிடம், நாக்கு கடிபடவில்லை, வீடியோ தாயிடம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று கேட்டோம், 'சில நாள் தோணும்' என்றாள். தந்தைக்குக் குடிப்பழக்கம். தாய் சம்மதித்துக் கூட வருகிறார். பள்ளியில் தொடர்புக்கு:" என்று எழுதி, கீழே ஒரு ஆசிரியரின் பெயர், நம்பர்.

நோயின் பெயர் இந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை, இருக்கவும் வேண்டாம். எத்தனை நாள், எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்பதுதான் வேண்டும். மடித்து உறையில் ஒட்டிக் கொடுங்கள். திறந்த சீட்டு பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் வரை எல்லாரும் படிக்கும் சீட்டு.

"சாவணும்னு தோணுதா" என்று பிள்ளையிடம் நேராகக் கேட்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். கேட்கத்தான் வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, உள்ளே இருப்பது வெளியே வரும். கேட்கும் விதம்தான் முக்கியம். "அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலயே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். "சில பேருக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்போது செத்துரலாம்னு தோணும் தம்பி. உனக்கு அப்படித் தோணியிருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். 'ஆமா' என்றால் அன்றைக்குப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, வீட்டுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கைக் கொடுக்கவே கூடாது. "உன்னைக் காப்பாத்த யார்ட்டச் சொல்லணுமோ அவங்கட்ட மட்டும் சொல்லுவேன்" என்பது காப்பாற்றக்கூடிய வாக்கு. வீட்டில் வயலுக்கு வாங்கின மருந்து, தாத்தாவின் சுகர் மாத்திரை எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் போக வேண்டும், சாவி பெரியவர் இடுப்பில் இருக்க வேண்டும். சாகத் துடிக்கும் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

ஏதாவது நடந்தே போனால் நம் ஊரில் இன்னொரு தவறு சேர்ந்துகொள்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் "வயித்து வலின்னு கொண்டாந்தோம்" என்று டாக்டரிடம் மறைப்பது. எதைச் சாப்பிட்டது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது, அந்த ஒரு பொய்யில் பொன்னான நேரம் போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆவது பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாத வரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு சேர்க்கப்படவே இல்லை. ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தகவல் போகும் மருத்துவப் பதிவு) போடுவார்கள், போலீஸ் வந்து கேட்கவும் செய்யலாம். அது நடைமுறை. பிள்ளை குற்றவாளி ஆகாது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள், வாங்கின டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்கு வருவோம். எல்லாத் திட்டமும் இங்கேதான் முட்டி நிற்கிறது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். மடியில் சுளகு, சுளகில் இலை, தூள், கத்தரி, நூல். சுற்றின கட்டுக்குத்தான் கூலி. ஒரு நாள் பாளையங்கோட்டைக்குப் போனால் அன்றைய கட்டு இல்லை, பீடிக்கடையில் கணக்கு இடிக்கும். மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், புறநகர் பஸ்ஸுக்குச் செல்லாது. கூட வரும் பையனுக்கு டிக்கெட், வழியில் டீ, மதியம் சாப்பாடு. ஓ.பி. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால்தான் வரிசையில் நிற்க முடியும். 'இலவச சிகிச்சை' என்று பலகையில் எழுதியிருக்கிறது, அவருக்கு அது ஒரு நாள் கூலிக்கு மேல் செலவு. இதைப் புரிந்துகொள்ளாமல் "அந்தம்மாவுக்கு அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேசுவது அநியாயம்.

முதல் தடவை எப்படியாவது போய்விடுவார்கள். தொடர்பு அறுந்துபோவது இரண்டாவது தடவைதான். இதற்கு ஒரு வழி உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். முதல் நாளே டாக்டரிடம், "அடுத்த மாத்திரையை எங்க ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாமா?" என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதை அங்கேயே கேட்டு, ஓ.பி. நோட்டின் அட்டையில் எழுதி வாங்குங்கள். அம்பாசமுத்திரத்தில் வாங்கக்கூடிய மாத்திரைக்காக ஒருத்தர் மாதாமாதம் ஹைகிரவுண்டு வரை அலைய வேண்டியதில்லை. போகும்போது பழைய சீட்டு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டையும், ஒரு வாரம் எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுந்தது என்று குறித்த தாளும் கையில் இருக்கட்டும். பிள்ளையைத் தனியாகவும் ஐந்து நிமிடம் பார்க்கும்படி கேளுங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது எந்தப் பதின்வயதுப் பிள்ளையும் முழுசாகப் பேசாது.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் தவறுகள் இரண்டு, இரண்டும் நேர் எதிரானவை. மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கலயே" என்று நிறுத்திவிடுகிறார்கள். வேலை காட்டிய பிறகோ "நல்லாயிட்டு, இனி எதுக்கு" என்று நிறுத்துகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேலாவது தொடர வேண்டியிருக்கும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இளவயதினருக்கு இந்த மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரம் வீட்டார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். படபடப்போ சாகும் எண்ணமோ கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே போக வேண்டும். "தூக்க மாத்திரையாக் குடுத்துக் கெடுத்துருவாங்க" என்று ஊரில் சொல்வார்கள். மனநல மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரை இல்லை, பெரும்பாலானவை அடிமைப்படுத்துவதும் இல்லை. ஆனால் சில மாத்திரைகளுக்கு உடம்பு போடும், பகலில் அசதி வரும். அதைப் பையன் வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுவான். எடையைப் பார்க்கச் சொல்லி நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

சாமியிடம் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதியில் சக்கரக் குழியில் உட்கார வைப்பார்கள், உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அந்தோணியாரைத் தேடிப் போவார்கள், பள்ளிவாசலில் ஓதித் தண்ணீர் வாங்குவார்கள். அந்த இடங்கள் குடும்பத்துக்குத் தெம்பு கொடுக்கின்றன, அதைப் பிடுங்கிக்கொண்டு நாம் சாதிக்கப்போவது ஒன்றுமில்லை. "சாமியும் கும்பிடுங்க, மாத்திரையும் குடுங்க" என்று சொன்னால் கேட்பார்கள். ஆனால் கட்டிப்போடுவதும், அடித்துப் பேயோட்டுவதும், பட்டினி போடுவதும் எந்தச் சாமி பேராலும் ஆகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சட்டம் இன்று சங்கிலியை அடியோடு தடுக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால் பெற்றோர் நடுங்கிப் போகிறார்கள். 18 வயதுக்குக் குறைந்தவரைப் பெரியவர்களோடு ஒன்றாக வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்க வேண்டும், பெண் பிள்ளைக்கு அப்பாதான் பொறுப்பாளர் என்றால் பெண் துணை ஒருவர் வேண்டும். 2017 சட்டம் இதையெல்லாம் எழுதியே வைத்திருக்கிறது. தைரியமாகக் கேட்கலாம்.

ஆலோசனையால் தீராதவையும் இருக்கின்றன, அவற்றை மனநலக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் விஷயம் இல்லை, ஆதாரம் திரட்டுவதும் ஆசிரியர் வேலை இல்லை. போலீஸில் சொல்லுங்கள், வழி தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். குழந்தைகள் நலக் குழு, வழக்கு முடியும் வரை கூட நிற்க ஒரு துணை ஆளைப் பிள்ளைக்கு ஏற்பாடு செய்ய முடியும். கேட்டு வாங்குங்கள்.

சாதியும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிற்றுக்குத் தடை முதல், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் வரை பல பரிந்துரைகளைச் சொன்னது. அடிபட்ட பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அடித்தவர்கள் இன்னும் அதே பஸ்ஸில் வருகிறார்கள் என்பதே காரணமாக இருக்கலாம். அங்கே பஸ்ஸையும் வகுப்பறையையும் பாதுகாப்பாக்காமல், "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று பிள்ளையைக் கவுன்சிலிங்குக்கு அனுப்புவதை என்னால் ஏற்கவே முடியாது. பாதுகாப்பு முதலில், பேச்சு அப்புறம்.

சான்றிதழ் பற்றி இரண்டு வரி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோய், ஆட்டிசம், கற்றல் குறைபாடு எல்லாம் உண்டு. எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். பத்தாம் வகுப்பு ஆரம்பத்திலேயே மருத்துவச் சான்றைத் தயார் செய்யாமல் ஜனவரியில் ஓடினால் கிடைக்காது. 'முட்டாள்' என்ற பட்டத்தோடு பத்து வருடம் படித்த பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பள்ளிக்குத் திரும்பும் நாளைப் பெரும்பாலும் யாரும் திட்டமிடுவதில்லை. மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளையைப் பார்த்து "எங்கட்டி போயிருந்த?" என்று வகுப்பே கேட்கும். என்ன பதில் சொல்வது என்று முந்தின நாளே பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். "உடம்பு சரியில்ல, இப்ப பரவால்ல" என்பது பொய்யும் இல்லை, போதுமானது. முதல் வாரம் அரை நாள் வந்தால் போதும். விட்டுப்போன நோட்டை எழுதச் சொல்லி மலையாகக் குவிக்காதீர்கள், மூன்று பாடத்தில் முக்கியமானதை மட்டும் ஒரு தோழி படமெடுத்துக் கொடுக்கட்டும். மூச்சு முட்டினால் அனுமதி கேட்காமல் எழுந்து போய் உட்கார ஒரு இடம் வேண்டும், நூலகமோ ஓவிய அறையோ. அந்த இடம் எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்கட்டும், காரணம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். "டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க" என்ற பேச்சே எழக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை வெளியேற்றுவது கல்வி உரிமைச் சட்டப்படியே தவறு.

ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டும். ஜூன் வரை அந்த ஒரு ஆசிரியர் பிள்ளையைப் பார்க்க மாட்டார், மாத்திரை தீரும் தேதி மே மாதம் நடுவில் வரும், தேர்வு முடிவும் அதே மே மாதத்தில்தான் வரும். பத்தாவது முடித்த பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினால், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று வாசலில் நிற்கும் தாயிடம் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: மாத்திரை எந்தத் தேதி வரை இருக்கிறது, ரிசல்ட் வரும் அன்று வீட்டில் பிள்ளையோடு யார் இருப்பார், புதுப் பள்ளியில் யாரிடமாவது சொல்லப் பிள்ளைக்குச் சம்மதமா. பதிலை நோட்டில் எழுதி, மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு தடவை போன் போடுங்கள்.